புனித பேட்ரிக் திருநாள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மார்ச் 17 அன்று உலகின் பல நகரங்களில் மக்கள் பச்சை உடை உடுத்தி வீதிக்கு வருகிறார்கள். பெரிய கட்டடங்களின் மீது பச்சை விளக்கொளி பாய்ச்சப்படுகிறது. அது அயர்லாந்தின் பாதுகாவலரான புனித பேட்ரிக்கின் திருநாள் என்பது பெரும்பாலோருக்குத் தெரியும். ஆனால் அந்தப் புனிதருக்கும் இந்த ஆரவாரத்துக்கும் என்ன தொடர்பு என்பது பலருக்குப் புரிவதில்லை. அயர்லாந்துக்குள் நீண்ட காலம் கோயிலோடும் குடும்பத்தோடும் அடங்கியிருந்த ஒரு நாளை, கடல் கடந்து போன அயர்லாந்து மக்களே வீதிக்குக் கொண்டுவந்தார்கள். தாய்நாடு அதைப் பின்னர் அவர்களிடமிருந்து கற்றுக்கொண்டது. கீழே உள்ள விடைகளைப் படிக்கும்போது இந்த ஒரு செய்தியை நினைவில் வைத்துக்கொண்டால் பல முடிச்சுகள் தாமாகவே அவிழும்.

மார்ச் 17 என்ற தேதி எப்படி வந்தது?

அது பேட்ரிக் இறந்த நாள் என்பது மரபு. கிறிஸ்தவ வழக்கில் புனிதர்களுக்குப் பிறந்த நாளைவிட இறந்த நாளே திருநாளாக அமையும். விண்ணுலகில் பிறந்த நாளாக அதைக் கருதுவார்கள். அவர் இறந்த ஆண்டை 461 என்று சில பழைய ஆண்டுக்குறிப்புகளும் 493 என்று வேறு சிலவும் சொல்கின்றன. அவர் வாழ்ந்தது ஐந்தாம் நூற்றாண்டு என்பதில் மட்டும் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை.

பேட்ரிக் அயர்லாந்தில் பிறந்தவரா?

இல்லை. அவர் ரோமானியப் பண்பாட்டில் ஊறிய பிரிட்டன்காரர். தந்தை கல்போர்னியுஸ் ஊராட்சிப் பொறுப்பும் திருத்தொண்டர் பதவியும் வகித்தவர். பாட்டனார் பொத்தீத்துஸ் குருவாக இருந்தவர். பிரிட்டனில் ரோமானியர்களின் ஆட்சி தளர்ந்துகொண்டிருந்த அந்தக் காலத்தில், அயர்லாந்திலிருந்து படகுகளில் வந்த கொள்ளைக்காரர்கள் கரையோரப் பண்ணைகளைத் தாக்கி ஆட்களைப் பிடித்துச் சென்று அடிமைகளாக விற்பது வழக்கமாக இருந்தது. ஏறத்தாழ 16 வயதில் பேட்ரிக்கும் அப்படிப் பிடிபட்டார். தம்மோடு ஆயிரக்கணக்கானோர் கொண்டுசெல்லப்பட்டதாக அவரே எழுதியிருக்கிறார்.

அயர்லாந்தில் அவருக்குக் கிடைத்த வேலை மந்தை மேய்ப்பது. அன்ட்ரிம் மாவட்டத்தில் உள்ள ஸ்லெமிஷ் மலையே அவர் மேய்த்த இடம் என்று மரபு சொல்கிறது. திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் கண்ட கால்டுவெல் பிறந்ததும் அதே அன்ட்ரிமில்தான் என்பது தமிழ் வாசகருக்கு ஓர் உபரிச் செய்தி. அதுவரை கடவுளைப் பற்றி அதிகம் கவலைப்படாதிருந்த அந்த இளைஞர், பனியிலும் மழையிலும் விடியுமுன் எழுந்து, பகலில் நூறு முறையும் இரவில் ஏறத்தாழ அதே அளவும் செபிக்கத் தொடங்கியதாக எழுதுகிறார்.

ஆறு ஆண்டுகளுக்குப் பின், கப்பல் காத்திருக்கிறது என்று கனவில் ஒரு குரல் கேட்கிறது. ஏறத்தாழ 200 மைல் நடந்து கடற்கரையை அடைகிறார். கப்பல் தலைவன் கோபத்தோடு மறுக்கிறான். பேட்ரிக் திரும்பி நடந்துகொண்டிருக்கும்போது, சீக்கிரம் வா என்று பின்னாலிருந்து அழைக்கிறார்கள். கரை இறங்கிய பின் 28 நாள் ஆளில்லாத நிலத்தில் உணவின்றி அலைந்ததையும், கடைசியில் பன்றிக் கூட்டம் ஒன்று எதிர்ப்பட்டதையும், பாதி உயிராய்க் கிடந்த நாய்களும் வயிறாரத் தின்றதையும் அவர் சொல்லும்போது, பிற்காலத்தார் கட்டிய எந்த அற்புதக் கதையிலும் இல்லாத நம்பகத்தன்மை அதில் தெரிகிறது.

அப்படித் தப்பி வந்தவர் ஏன் திரும்பிப் போனார்?

வீடு திரும்பிச் சில ஆண்டுகள் கழித்து அவருக்கு இன்னொரு கனவு வருகிறது. விக்டோரிகுஸ் என்பவர் எண்ணற்ற கடிதங்களோடு வந்து ஒன்றை நீட்டுகிறார். அதன் தொடக்கத்தில் அயர்லாந்து மக்களின் குரல் என்று எழுதியிருக்கிறது. படிக்கும்போதே, மேற்குக் கடலை ஒட்டிய ஃபோக்லுட் காட்டருகே வாழ்பவர்கள், மீண்டும் எங்களிடையே வந்து நடமாடு என்று ஒரே குரலில் அழைப்பது கேட்கிறது. மேற்கொண்டு படிக்க முடியாமல் நெஞ்சு வெடித்து விழித்துக்கொண்டதாக எழுதுகிறார். பின்னர் குருத்துவம் பெற்று, ஆயராகி, தம்மை அடிமையாக வைத்திருந்த நாட்டுக்கே போனார்.

ஐந்தாம் நூற்றாண்டு மனிதரைப் பற்றி இவ்வளவு விவரங்கள் எப்படித் தெரியும்?

அவரே லத்தீனில் எழுதிய இரண்டு ஆவணங்கள் எஞ்சியிருப்பதால்தான். ஒன்று, முதுமையில் எழுதிய தன்விளக்கம். பதினைந்து வயதளவில், ஒரு நாளில், ஒரு மணி நேரத்துக்கும் குறைவான பொழுதில் செய்துவிட்ட ஒரு பாவத்தை நெருங்கிய நண்பரிடம் சொல்லியிருந்தார். பல ஆண்டுகளுக்குப் பிறகு அந்த நண்பரே அதை வெளியிட்டு, மூத்தவர்கள் அவருடைய ஆயர் பதவிக்கு எதிராக அதைப் பயன்படுத்தினார்கள். அந்தப் பாவம் என்ன என்பதை மட்டும் அவர் சொல்லவே இல்லை. தம்முடைய கல்விக் குறைவுக்கு வெட்கப்படுவதாகவும், தம்மைக் கல்லாதவன் என்றும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்கிறார்.

மற்றொன்று கொரோட்டிகுஸ் என்ற படைத்தலைவனின் வீரர்களுக்கு எழுதிய கண்டனக் கடிதம். பேட்ரிக்கிடம் திருமுழுக்குப் பெற்று, வெள்ளாடை களையாமல், நெற்றியில் பூசிய திருத்தைலம் இன்னும் மணந்துகொண்டிருந்த புதுக் கிறிஸ்தவர்களை அந்த வீரர்கள் தாக்கிச் சிலரைக் கொன்று சிலரை அடிமைகளாக விற்றார்கள். மறுநாளே, தாம் சிறுவயதிலிருந்து பயிற்றுவித்த ஒரு குருவிடம் கடிதம் கொடுத்தனுப்பி, பிடித்தவர்களைத் திருப்பிக் கேட்டார். அவர்கள் சிரித்துக் கேலி செய்து அனுப்பினார்கள். அதன் பிறகு எழுதியதே நமக்குக் கிடைத்திருக்கும் இந்தக் கடிதம். அடிமையாக இருந்து மீண்ட ஒருவரே அடிமை வணிகத்தைக் கண்டித்து எழுதியது என்ற வகையில் அதற்கு இணையானவை பழைய உலகில் அரிது. புனிதரைப் பற்றி ஒன்றே ஒன்றுதான் படிக்க நேரம் உண்டு என்பவர்கள், அவர் பாம்புகளை விரட்டினார் என்ற கதையை விட்டுவிட்டு இதைப் படிக்கலாம்.

தன்விளக்கத்தின் மிகப் பழைய படி, 807 வாக்கில் ஃபெர்டோம்னாக் என்பவர் படியெடுத்த அர்மா நூல் என்ற கையெழுத்துச் சுவடியில் இருக்கிறது. அது இப்போது டப்ளின் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் உள்ளது. அரசர்களோடு மோதுவது, மந்திரவாதிகளை வெல்வது போன்ற கதைகள் எல்லாம் ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மூர்ஹூ, டீரெஹான் ஆகிய இருவர் எழுதிய வரலாறுகளில் தொடங்குகின்றன. அர்மா நகர ஆலயத்தின் தலைமையை நிலைநாட்டும் நோக்கம் அக்கதைகளின் பின்னால் இருந்ததை ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள்.

அயர்லாந்துக்குக் கிறிஸ்தவத்தை முதலில் கொண்டுசென்றவர் அவர்தானா?

அப்படிச் சொல்வது வழக்கம், ஆனால் சரியன்று. 431இல் திருத்தந்தை செலஸ்டீன், கிறிஸ்துவை நம்பும் அயர்லாந்து மக்களுக்கு முதல் ஆயராகப் பல்லாதியுஸ் என்பவரை அனுப்பினார் என்று அக்காலத்தவரான பிரோஸ்பர் பதிவு செய்திருக்கிறார். ஆயரை அனுப்பும் அளவுக்கு அங்கே நம்பிக்கையாளர்கள் ஏற்கெனவே இருந்தார்கள் என்பதே இதன் பொருள். மரபுக் கணக்கு பேட்ரிக்கின் வருகையை 432 என்று வைப்பது, பல்லாதியுஸுக்கு அடுத்த ஆண்டே அவரை நிறுத்தும் முயற்சியாகத் தோன்றுகிறது. காலப்போக்கில் பல்லாதியுஸின் பணிகளும் பேட்ரிக்கின் கணக்கில் சேர்ந்துவிட்டன என்று கருதுவோரும் உண்டு.

இன்னொன்று: திருத்தந்தை ஒருவர் முறைப்படி விசாரித்துப் புனிதர் பட்டம் வழங்கும் நடைமுறை ஏற்படுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே மக்கள் அவரைப் புனிதராக ஏற்றுக்கொண்டார்கள். அயர்லாந்தின் பாதுகாவலர் அவர் ஒருவர் மட்டுமல்ல. பிரிஜித், கொலும்பா ஆகியோரும் அவரோடு சேர்ந்த பாதுகாவலர்களே.

பாம்புகளை அவர் கடலில் விரட்டியது உண்மையா?

விரட்டுவதற்கு அங்கே பாம்புகள் இருந்ததில்லை. பனியூழிக் காலத்தில் அயர்லாந்து பனிப்பாளத்தால் மூடப்பட்டிருந்தது. பனி உருகிப் பாம்புகள் வடக்கே பரவத் தொடங்கியபோது, அத்தீவைக் கடல் பிரித்துவிட்டது. நிலத்தில் வாழும் ஊர்வனவற்றில் அயர்லாந்தில் இயல்பாக வாழ்வது சிறிய பல்லி ஒன்று மட்டுமே. அங்கே பாம்பில்லை என்பதைப் பேட்ரிக் பிறப்பதற்கு முன்பே, மூன்றாம் நூற்றாண்டில், சோலீனுஸ் என்ற ரோமானிய எழுத்தாளர் குறித்துவைத்திருக்கிறார். 12ஆம் நூற்றாண்டில் அயர்லாந்துக்குப் போன வேல்ஸ் நாட்டு ஜெரால்டும் இந்தக் கதையை நம்பவில்லை. பாம்பு என்பது பழைய சமயங்களுக்கான குறியீடு என்று பலர் விளக்குகிறார்கள்; கதையை எப்படியாவது காப்பாற்றப் பிற்காலத்தில் சொன்ன விளக்கமாகவே அது தெரிகிறது.

ஷாம்ராக் என்பது எந்தச் செடி? அதற்கும் புனிதருக்கும் என்ன தொடர்பு?

மூன்று சிற்றிலைகள் கொண்ட செடியைக் காட்டி, தந்தை, மகன், தூய ஆவி என்ற மூவொரு கடவுளை அவர் விளக்கினார் என்பது கதை. அவருடைய எழுத்துகளிலோ ஏழாம் நூற்றாண்டு வரலாறுகளிலோ இது இல்லை. 1680களில் அயர்லாந்தில் பயணம் செய்த தாமஸ் டைன்லி என்ற ஆங்கிலேயர், இந்நாளில் எளிய மக்கள் ஷாம்ராக் அணிவதைச் சற்று இளக்காரத்தோடு குறிப்பிடுகிறார். மூவொரு கடவுள் விளக்கம் அச்சில் வருவது 1720களில், கேலப் த்ரெல்கெல்டு என்பவரின் தாவரக் குறிப்புகளில்தான்.

எந்தச் செடி என்ற கேள்விக்கு விடை தேட 1890களில் நத்தானியல் கோல்கன் என்ற தாவர ஆர்வலர் ஒரு வழி கண்டுபிடித்தார். நாட்டின் பல பகுதிகளில் இருப்பவர்களிடம், நீங்கள் ஷாம்ராக் என்று அணிவதை வேரோடு அனுப்புங்கள் என்று கேட்டு, வந்தவற்றை நட்டு, பூக்கும் வரை காத்திருந்து இனம் கண்டார். மார்ச்சில் அந்தச் செடிகள் பூத்திருக்காது. பூக்காத நிலையில் ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பிரித்தறிவது கடினம் என்பதால்தான் இந்தக் காத்திருப்பு. 1988இல் சார்லஸ் நெல்சன் இதே ஆய்வைத் திரும்பச் செய்தபோது, ஏறத்தாழப் பாதிப் பேர் மஞ்சள் பூ பூக்கும் சிறு குளோவர் என்ற மூவிலைச் செடியையும், மூன்றில் ஒரு பங்கினர் வெள்ளைக் குளோவரையும் அனுப்பியிருந்தார்கள். எஞ்சியவர்கள் வேறு செடிகளையே ஷாம்ராக் என்று நம்பினார்கள். ஆக, ஷாம்ராக் என்று தனி இனம் ஒன்று கிடையாது. நான்கு இலை கொண்டது அதிர்ஷ்டச் சின்னம்; அதை இந்த நாளின் அட்டைகளில் அச்சிடுவது தவறு.

பச்சைதான் புனிதரின் நிறமா?

நீலத்துக்கும் உரிமை உண்டு. 1783இல் மூன்றாம் ஜார்ஜ் மன்னர் புனித பேட்ரிக் பெயரில் ஒரு வீரப் பட்டத்தை ஏற்படுத்தியபோது அதற்கு வான்நீலமே நிறமாக அமைந்தது. அயர்லாந்து அரசின் சின்னத்தில் இன்றும் நீலப் பின்னணியில்தான் பொன்நிற யாழ் இருக்கிறது. பச்சை அரசியல் வழியாக வந்தது. 1640களில் கிளர்ச்சி செய்த கத்தோலிக்கக் கூட்டமைப்பினர் பச்சைக் கொடியில் யாழைப் பொறித்தார்கள். பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான 1798 கிளர்ச்சியை நடத்திய ஐக்கிய அயர்லாந்தியர் என்ற அமைப்பினர் பச்சையைத் தங்கள் அடையாளமாக்கினார்கள். கிளர்ச்சி ஒடுக்கப்பட்ட பின் பச்சை அணிவதே குற்றமானதைப் பற்றிய நாட்டுப்பாடல், கப்பலேறிப் போனவர்களோடு அமெரிக்காவுக்கும் போயிற்று. நூறாண்டு கழித்து நிலைமை தலைகீழாகி, தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போரில் பிரிட்டிஷ் படையின் அயர்லாந்து வீரர்கள் காட்டிய துணிவைப் பாராட்டி, இந்நாளில் அவர்கள் ஷாம்ராக் அணியலாம் என்று 1900இல் விக்டோரியா அரசியே ஆணையிட்டார். இந்நாளில் பச்சை அணியாதவர்களைக் கிள்ளுவது அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகளின் விளையாட்டு. அதற்கும் அயர்லாந்துக்கும் சம்பந்தமில்லை.

முற்காலத்தில் அயர்லாந்து மக்கள் இந்நாளை எப்படிக் கழித்தார்கள்?

திருப்பலிக்குப் போவார்கள், பின்பு வீட்டில் நல்ல சாப்பாடு. நாள் எப்போதும் ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான தவக்காலத்துக்குள்ளேயே வருவதால், அன்று ஒரு நாள் நோன்புக் கட்டுப்பாடுகள் தளர்த்தப்பட்டு இறைச்சி உண்ணலாம், குடிக்கலாம் என்பது பெரிய ஈர்ப்பாக இருந்தது. 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், வாட்டர்ஃபோர்டில் பிறந்து ரோமில் வாழ்ந்த பிரான்சிஸ்கன் துறவி லூக் வாடிங்கின் முயற்சியால் இத்திருநாள் உலகத் திருச்சபையின் நாட்காட்டியில் இடம்பெற்றது. கிராமங்களில் உருளைக்கிழங்கு நடவைத் தொடங்குவதற்கும் இந்நாள் ஓர் எல்லைக்கோடு.

பிள்ளைகள் காகிதத்தாலும் வண்ணப் பட்டு நாடாவாலும் செய்த சிலுவைகளை நெஞ்சில் குத்திக்கொள்வார்கள். 1713இல் லண்டனில் இருந்த எழுத்தாளர் ஜோனதன் ஸ்விஃப்ட், மால் வீதியில் சிலுவை அணிந்தவர்கள் நிறைந்திருந்ததால் உலகமே அயர்லாந்துக்காரர்களால் ஆனதோ என்று எண்ணியதாகக் கடிதத்தில் எழுதினார். 20ஆம் நூற்றாண்டில் அந்தச் சிலுவைகள் மறைந்தன. ஷாம்ராக் மட்டும் நிலைத்தது.

ஊர்வலம் எங்கே தொடங்கியது?

அயர்லாந்தில் தொடங்கவில்லை. இன்றைய ஃபுளோரிடாவில் உள்ள செயின்ட் அகஸ்டின், அப்போது ஸ்பெயினின் குடியேற்றம். அங்கே 1601இல் பேட்ரிக்கின் நினைவாக ஊர்வலம் நடந்ததை ஸ்பானியக் கணக்கேடுகளிலிருந்து வரலாற்றாய்வாளர்கள் அண்மையில் கண்டெடுத்தார்கள். அவ்வூரில் அப்போது அயர்லாந்துக் குருவானவர் ஒருவர் பணியாற்றிக்கொண்டிருந்தார். 1737இல் பாஸ்டனில் இந்நாளைக் கொண்டாடி உதவிச் சங்கம் அமைத்தவர்கள் அயர்லாந்துப் புராட்டஸ்டண்டுகள். நியூயார்க்கில் 1762இல் அணிவகுத்தவர்கள் பிரிட்டிஷ் படையில் பணியாற்றிய அயர்லாந்து வீரர்கள். அமெரிக்க விடுதலைப் போரின்போது 1780இல் மாரிஸ்டவுனில் பாடிவீடு அமைத்திருந்த ஜார்ஜ் வாஷிங்டன், தம் படையில் அயர்லாந்துக்காரர் ஏராளமாக இருந்ததை மனத்தில் கொண்டு அன்று விடுமுறை அளித்தார்.

இவை சிறு கூட்டங்களே. ஊர்வலத்தைப் பெருக்கியது பஞ்சம். 1845இல் உருளைக்கிழங்குப் பயிரைத் தாக்கிய நோயைத் தொடர்ந்த சில ஆண்டுகளில் அயர்லாந்தில் ஏறத்தாழப் பத்து லட்சம் பேர் இறந்தார்கள். அதற்கும் மேற்பட்டோர் நாட்டை விட்டு வெளியேறினார்கள். அமெரிக்க நகரங்களில் குவிந்த இந்த ஏழைக் கத்தோலிக்கர்களை அங்கிருந்தவர்கள் வெறுத்தார்கள். பத்திரிகைகளில் அவர்களைக் குரங்கு முகத்தோடு வரைந்தார்கள். ஆண்டில் ஒரு நாள் நகரின் முதன்மை வீதியில் வரிசையாக நடந்து போவது, நாங்கள் இத்தனை பேர் இருக்கிறோம், எங்களுக்கு வாக்கு இருக்கிறது என்று அறிவிப்பதற்குச் சமம். அரசியல்வாதிகள் அதைச் சரியாகவே புரிந்துகொண்டு வரிசையின் முன்னால் வந்து நின்றார்கள். நியூயார்க் ஊர்வலம் ஐந்தாம் அவென்யூவில் இன்றும் அயர்லாந்துக்காரர்களால் உருவான 69ஆம் படைப்பிரிவின் தலைமையில்தான் செல்கிறது. அலங்கார ஊர்திகளுக்கு அதில் இடமில்லை, எல்லோரும் நடக்கத்தான் வேண்டும்.

சிகாகோ ஆற்றை எப்படிப் பச்சையாக்குகிறார்கள்?

ஆற்றில் கழிவுநீரைத் திருட்டுத்தனமாகத் திறந்துவிடும் குழாய்களைக் கண்டுபிடிக்க, அந்நகரின் குழாய்ப் பணியாளர்கள் நிறமூட்டும் பொடி ஒன்றைப் பயன்படுத்திவந்தார்கள். அப்படி வேலை செய்துவிட்டு வந்த ஒருவரின் மேலாடையில் பச்சைக் கறை படிந்திருந்ததைப் பார்த்த தொழிற்சங்கத் தலைவர் ஸ்டீபன் பெய்லிக்கு, ஆற்றையே பச்சையாக்கினால் என்ன என்று தோன்றியது. 1962இல் 100 பவுண்டு பொடியைக் கொட்டினார்கள். ஆறு ஏறத்தாழ ஒரு வாரம் பச்சையாகவே ஓடியது. பின்னர் அளவைக் குறைத்தார்கள். சுற்றுச்சூழல் ஆர்வலர்களின் எதிர்ப்புக்குப் பின் தாவர அடிப்படையிலான பொடிக்கு மாறினார்கள். படகிலிருந்து தூவும்போது அந்தப் பொடி ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். பின்னால் வரும் இன்னொரு படகு நீரைக் கலக்கக் கலக்கப் பச்சையாகும். இப்போதும் அதைச் செய்பவர்கள் குழாய்ப் பணியாளர் சங்கத்தினரே.

அயர்லாந்தில் இது எப்போது அரசு விடுமுறையானது?

1903இல், ஜேம்ஸ் ஓமாரா என்ற நாடாளுமன்ற உறுப்பினர் கொண்டுவந்த சட்டத்தின் வழியாக. விடுதலைக்குப் பிறகு 1931இல் புதிய அரசின் ஆதரவோடு டப்ளினில் ஊர்வலம் நடைபெற்றது. 1950களில் ஊர்வலம் உள்நாட்டுத் தொழில்களின் காட்சியாக இருந்தது. பார வண்டிகளில் தங்கள் பொருள்களை ஏற்றிக்கொண்டு நிறுவனங்கள் அணிவகுத்தன. பார்த்தவர்களில் பலர் அதைச் சலிப்போடுதான் நினைவுகூர்கிறார்கள்.

வெளிநாட்டவர் நம்ப மறுக்கும் செய்தி ஒன்று உண்டு. 1920களில் இயற்றப்பட்ட சட்டங்களால், 1960களின் தொடக்கம் வரை அயர்லாந்தில் அன்று மதுக்கூடங்கள் மூடியே இருந்தன. டப்ளினில் சட்டப்படி மது கிடைத்த பிரபலமான இடம், ராயல் டப்ளின் சங்கம் நடத்திய நாய்க் கண்காட்சி. நாய்களின் மீது திடீர்ப் பிரியம் கொண்டு அங்கே அரசியல்வாதிகளும் எழுத்தாளர்களும் கூடினார்கள் என்று அக்காலத்தவர் நகைச்சுவையோடு சொல்வார்கள்.

இன்று நாம் காணும் பல நாள் விழா, 1995இல் அரசு திட்டமிட்டு 1996இல் முதன்முதலாக நடத்தியது. அமெரிக்காவில் வளர்ந்த வடிவத்தைப் பார்த்து, சுற்றுலாவையும் நாட்டின் பெயரையும் கருத்தில் கொண்டு உருவாக்கிய விழா இது. 2001இல் கால்நடைகளுக்குக் கோமாரி நோய் பரவும் அச்சத்தால் ஊர்வலம் மே மாதத்துக்குத் தள்ளிப்போனது. 2020, 2021 ஆண்டுகளில் கொரோனாவால் நடக்கவே இல்லை.

அன்றைய உணவு என்ன?

அமெரிக்காவில் உப்பிட்ட மாட்டிறைச்சியும் முட்டைக்கோசும். அயர்லாந்தில் வேகவைத்த பன்றியிறைச்சியும் முட்டைக்கோசும், கூடவே உருளைக்கிழங்கும்தான் பழகிய உணவு. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் கார்க் துறைமுகத்திலிருந்து உப்பிட்ட மாட்டிறைச்சி பெருமளவில் ஏற்றுமதியானது. ஆனால் உள்ளூர் ஏழைகளுக்கு அது எட்டாத விலை. நியூயார்க்கில் குடியேறியவர்களுக்குப் பழைய ருசியிலான பன்றியிறைச்சி எளிதில் அமையவில்லை. பக்கத்துத் தெரு யூதக் கசாப்புக் கடைகளில் உப்பிட்ட மாட்டிறைச்சி மலிவாகக் கிடைத்தது. இரண்டு புலம்பெயர்ந்த சமூகங்கள் ஒரே தெருவில் வாழ்ந்ததன் விளைவு அந்த உணவு. பச்சைச் சாயம் கலந்த பீரும் அமெரிக்கப் பழக்கமே.

பழைய வழக்கம் ஒன்று மட்டும் சொல்லத் தக்கது. நாள் முழுவதும் சட்டையில் அணிந்திருந்த ஷாம்ராக்கைக் கடைசிக் கோப்பை விஸ்கியில் போட்டு, பேட்ரிக்கை வாழ்த்திக் குடித்துவிட்டு, செடியை இடது தோளுக்குப் பின்னால் எறிவார்கள்.

லெப்ரகான் என்ற குள்ள உருவம் எங்கிருந்து வந்தது?

அது அயர்லாந்து நாட்டுப்புறக் கதைகளில் வரும் செருப்புத் தைக்கும் குட்டிப் பிறவி. புனிதருக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. வாழ்த்து அட்டை வணிகம் இரண்டையும் சேர்த்துவைத்தது.

வட அயர்லாந்திலும் கொண்டாடுகிறார்களா?

ஆம், பிரிட்டிஷ் ஐக்கிய இராச்சியத்தைச் சேர்ந்த அப்பகுதியிலும் அன்று பொது விடுமுறை உண்டு. பேட்ரிக் தொடர்புடைய முக்கிய இடங்களான அர்மாவும் டவுன்பேட்ரிக்கும் ஸ்லெமிஷும் வட அயர்லாந்தில்தான் இருக்கின்றன. அர்மாவில் இரண்டு குன்றுகளில் எதிரெதிராக இரண்டு பேராலயங்கள் நிற்கின்றன. ஒன்று கத்தோலிக்கருடையது, மற்றொன்று புராட்டஸ்டண்ட் பிரிவான அயர்லாந்துத் திருச்சபையினருடையது, இரண்டுக்கும் பெயர் புனித பேட்ரிக் பேராலயமே. பச்சை நிறமும் அயர்லாந்தின் மூவண்ணக் கொடியும், அயர்லாந்தோடு இணைய விரும்பும் தேசியவாதிகளின் அடையாளமாகப் பார்க்கப்படுவதால், ஊர்வலத்தில் எந்தக் கொடி பிடிப்பது என்பதே சிக்கலாவதுண்டு. பேட்ரிக் வாழ்ந்தது கத்தோலிக்க, புராட்டஸ்டண்ட் பிரிவினை ஏற்படுவதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் என்பதால், இரு தரப்புக்கும் அவர்மீது சம உரிமை இருக்கிறது.

ஊர்வலங்களில் சர்ச்சை எழுந்ததுண்டா?

நெடுங்காலம் நீடித்தது தன்பால் ஈர்ப்பினர் தங்கள் பதாகையோடு நடக்கலாமா என்ற வழக்கு. 1995இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், யாரைச் சேர்ப்பது என்பதை முடிவு செய்வது ஊர்வலத்தை நடத்துவோரின் கருத்துரிமை என்று பாஸ்டன் வழக்கில் தீர்ப்பளித்தது. ஆனாலும் நகரத் தந்தைகள் புறக்கணித்தார்கள், பீர் நிறுவனங்கள் ஆதரவை விலக்கின. 2015இல் பாஸ்டனும் நியூயார்க்கும் தடையைத் தளர்த்தின. டப்ளினில் 1990களிலேயே அவர்கள் நடந்தார்கள் என்பதை ஒப்பிட்டால், புலம்பெயர்ந்தோர் சில வேளைகளில் தாய்நாட்டைவிடப் பழமையை இறுகப் பிடித்துக்கொள்வது தெரியும்.

வெள்ளை மாளிகைக்கு ஷாம்ராக் கொடுப்பது ஏன்?

1952இல் அயர்லாந்தின் தூதர் ஜான் ஹெர்ன், அதிபர் ட்ரூமனுக்கு ஒரு சிறு பெட்டி ஷாம்ராக்கை அனுப்பிவைத்தார். அன்று ட்ரூமன் ஊரில் இல்லை. அந்தச் சிறு மரியாதை வளர்ந்து, அயர்லாந்துப் பிரதமரே நேரில் சென்று பளிங்குக் கிண்ணத்தில் ஷாம்ராக் வழங்கும் சடங்காயிற்று. ஐம்பது லட்சத்தைச் சற்றே தாண்டிய மக்கள்தொகை கொண்ட ஒரு நாட்டின் தலைவருக்கு ஆண்டுதோறும் அமெரிக்க அதிபரைச் சந்திக்க உறுதியான வாய்ப்பு கிடைப்பது, பெரிய நாடுகளுக்கும் பொறாமை தரக்கூடியது.

மொன்செராட் தீவில் இந்நாளின் பொருள் வேறு என்கிறார்களே?

கரீபியக் கடலில் உள்ள அந்தத் தீவில் அயர்லாந்துக்காரர் பலர் குடியேறினார்கள். அவர்களில் தோட்ட முதலாளிகளும் அடிமைகளை வைத்திருந்தவர்களும் உண்டு. 1768இல், முதலாளிகள் மார்ச் 17 விருந்தில் மூழ்கியிருக்கும் நேரம் பார்த்து எழுவதற்கு ஆப்பிரிக்க அடிமைகள் திட்டமிட்டார்கள். திட்டம் வெளியே கசிந்து, தலைமை தாங்கியவர்கள் தூக்கிலிடப்பட்டார்கள். 1985 முதல் அந்த எழுச்சியின் நினைவாகவே அங்கே இந்நாள் பொது விடுமுறை. அடிமை வணிகத்தைக் கண்டித்த ஒருவரின் திருநாளை இவ்வாறு நினைவுகூர்வது, பச்சை பீரைவிட அவருக்கு நெருக்கமானது என்று சொல்லத் தோன்றுகிறது.

புனிதரோடு தொடர்புடைய இடங்களுக்கு மக்கள் இன்றும் செல்கிறார்களா?

செல்கிறார்கள், ஆனால் பெரிய யாத்திரைகள் மார்ச்சில் நடப்பதில்லை. மேயோ மாவட்டத்தில் 764 மீட்டர் உயரமுள்ள குரோ பேட்ரிக் மலையில் அவர் 40 நாள் நோன்பிருந்ததாக மரபு. ஜூலை மாதக் கடைசி ஞாயிறன்று ஆயிரக்கணக்கானோர் அதில் ஏறுகிறார்கள். உச்சியை நெருங்கும்போது காலடியில் சரளைக் கற்கள் சரிந்துகொண்டே இருக்கும், அதிலும் சிலர் வெறுங்காலோடு ஏறுவார்கள். உச்சியில் 1905இல் கட்டிய சிற்றாலயம் உள்ளது. டொனிகாலில் உள்ள லோக் டெர்க் ஏரித் தீவு இதைவிடக் கடுமை: மூன்று நாள் யாத்திரையில் காலணி கிடையாது, முதல் இரவு உறக்கம் கிடையாது, நாளுக்கு ஒரு வேளை மட்டும் காய்ந்த ரொட்டியும் பால் சேர்க்காத தேநீரும். டவுன்பேட்ரிக் பேராலய வளாகத்தில், அவர் புதைக்கப்பட்டதாகக் கருதப்படும் இடத்தில் அவர் பெயர் பொறித்த பெரிய கருங்கல் கிடக்கிறது. அது 1900 வாக்கில் வைக்கப்பட்டது.

தமிழ்நாட்டோடு இந்தப் புனிதருக்குத் தொடர்பு உண்டா?

நேரடித் தொடர்பு இல்லை. அவர் பெயரைச் சுமந்து வந்தவர்கள் வழியாக உண்டு. கார்லோ மாவட்டத்தின் டல்லோ ஊரில் 1808இல் தொடங்கப்பட்ட பேட்ரிஷியன் சகோதரர் சபை 1875இல் சென்னைக்கு வந்தது. அடையாற்றில் உள்ள புனித பேட்ரிக் பள்ளி அவர்களுடையது. அதற்கும் முன்னதாக, 1842இலேயே பிரசன்டேஷன் சபையின் அயர்லாந்துக் கன்னியர் சென்னையில் பெண்களுக்குப் பள்ளி நடத்த வந்துவிட்டார்கள். அந்தக் காலத்துப் படைவீரர்களில் அயர்லாந்துக் கத்தோலிக்கர் கணிசமாக இருந்ததும் இந்த வருகைக்கு ஒரு காரணம். பெங்களூரில் பிரிகேட் சாலையை ஒட்டிய புனித பேட்ரிக் ஆலயமும் அந்தப் படைமுகாம் காலத்தின் எச்சமே.

திருநாளின் தேதி மாறுவதுண்டா?

அயர்லாந்தில் அரசு விடுமுறை மாறுவதில்லை. திருச்சபையின் திருநாள் சில வேளைகளில் மாறும். மார்ச் 17 ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத்துக்குள் விழுந்தால் புனிதர்களின் திருநாள்கள் ஒதுங்கி வழிவிட வேண்டும் என்பது வழிபாட்டு விதி. 1940இல் குருத்தோலை ஞாயிறும் இந்நாளும் ஒன்றாக வந்ததால் ஏப்ரல் 3க்கு மாற்றினார்கள். 2008இல் அது புனித வாரத் திங்களாக அமைந்ததால் மார்ச் 15க்கு முன்தள்ளினார்கள். தவக்கால வெள்ளியில் விழும்போது தேதி மாறாது. அமெரிக்காவில் பல மறைமாவட்ட ஆயர்கள், 2017, 2023 ஆண்டுகளில் செய்ததுபோல, அன்று மட்டும் இறைச்சி உண்ண விதிவிலக்கு அளிப்பார்கள். புனித வாரத்தோடு அடுத்த மோதல் 2160இல்தான் வரும்.